மொரீசியஸ் தீவும் நமது எழுத்தும்

(நமது சங்கத்தின் ஆண்டு விழாவிலே நிகழ்த்திய பேச்சின் எழுத்துருவம்)



ஆண்டு விழாவிலே இளைஞர் ஒருவர் பேசுவது நம் சங்கத்தின் வழக்கம். சமயத்தைப் பற்றியோ நாயன்மார்களைப் பற்றியோ நாங்கள் பேசுவோம் என்று பெரியோர்கள் எதிர்பார்த்திருக்கலாம். நாங்கள் எடுத்துக்கொண்ட பொருளோ கடலுக்கு அப்பால் உள்ள ஒரு சிறு தீவு. ஹெந்தளையில் இருப்பவர்களுக்கு மொரீசியஸ் தீவைப் பற்றி என்ன கவலை என்று கேட்பீர்களாயின், அதற்குக் காரணமான ஒரு சிறு நிகழ்ச்சியை முதலில் சொல்லிவிடுகிறோம்.

சென்ற நவராத்திரியின்போது ஒன்பது வயதுச் சிறுவன் ஒருவன் இங்கே தேவாரம் பாடியது பலருக்கு நினைவிருக்கும். குரல் நன்றாக இருந்தது. பெரியவர்கள் தலையசைத்துக் கேட்டார்கள். பாடி முடிந்ததும் அழைத்து ஆசீர்வதித்தார்கள். அவன் எங்கள் வீட்டுப் பிள்ளை. அவன் கையிலே ஒரு தாள் இருந்ததை எல்லோரும் கண்டிருப்பீர்கள். அந்தத் தாளில் இருந்தது தமிழ் எழுத்தன்று, சிங்கள எழுத்து. அவன் படிப்பது சிங்கள மொழிப் பள்ளிக்கூடத்தில். தமிழில் பேசினால் விளங்கிக்கொள்வான். மறுமொழி சிங்களத்தில் வரும். தமிழ் எழுத்தை அவனுக்குக் கற்பிக்கப் பொழுதில்லை என்று சொல்லித் தேவாரத்தைச் சிங்கள எழுத்திலே எழுதிக் கொடுத்தவர்கள் வேறு யாருமல்லர், நாங்கள்தாம். குற்றம் எங்களுடையது. அன்று எல்லோரும் அவனைப் பாராட்டியபோது எங்கள் மனம் மட்டும் நிம்மதியாக இல்லை.

நாங்கள் பயின்றது பாதிரிமார் நடத்திய பள்ளிக்கூடம். அங்கே பூமிசாத்திர வகுப்பில் சுவரில் தொங்கிய இந்து சமுத்திரப் படத்திலே, மடகாஸ்கருக்குப் பக்கத்தில் ஒரு புள்ளியைக் காட்டி, “கரும்பு, டோடோப் பறவை” என்று இரண்டு சொல்லிச் சொல்லிவிட்டு ஆசிரியர் அடுத்த தீவுக்குப் போய்விட்டார். அந்தப் புள்ளியில் நம்மவர்களும் இருக்கிறார்கள் என்பதைப் பல்கலைக்கழக நூல்நிலையத்திலேதான் அறிந்தோம். நம் வீடுகளிலே இன்று தொடங்கியிருக்கும் ஒரு காரியம் அத்தீவிலே நடந்து முடிந்து, அதன் பலனும் வெளிப்பட்டிருக்கிறது. ஆகையால் அதன் கதை நமக்கு வேண்டிய கதை.

மடகாஸ்கருக்குக் கிழக்கே ஏறக்குறைய 800 கிலோமீற்றர் தூரத்தில் நடுக்கடலிலே எரிமலைக் கல்லால் எழுந்தது மொரீசியஸ். அதன் பரப்பு 1,865 சதுரக் கிலோமீற்றர். நம் இலங்கையின் முப்பத்தைந்தில் ஒரு பங்கு. சனத்தொகை பன்னிரண்டு இலட்சத்துக்குச் சற்று மேல். நாம் வாழும் கம்பஹா மாவட்டத்துச் சனத்தொகையில் ஏறக்குறையப் பாதி. இந்தத் தீவுக்கு ஆதிகுடிகள் என்று எவரும் இல்லை. ஒல்லாந்தர் குடியேறும் வரையில் அங்கே நிலையாக மனிதர் வாழ்ந்ததில்லை. இன்று அங்கே வாழும் அனைவரும் கப்பலில் வந்தவர்களின் சந்ததியாரே. எனவே, “நாங்கள் முந்தியவர்கள், நீங்கள் பிந்தியவர்கள்” என்று சண்டையிடுவோர் அங்கே வெகுதூரம் பின்னோக்கிப் போக முடியாது.

1598ஆம் ஆண்டிலே ஒல்லாந்தர் அங்கே இறங்கித் தங்கள் இளவரசர் மொரீசின் பெயரை அதற்கு இட்டனர். 1638இல் குடியேறினர், யாவாவிலிருந்து கரும்பைக் கொண்டுவந்து நட்டனர். பறக்கத் தெரியாத டோடோப் பறவை அவர்கள் காலத்திலேயே அழிந்தொழிந்தது. 1710இல் அவர்கள் தீவைக் கைவிட்டுப் போயினர். நம் ஹெந்தளையிலே குஷ்டரோக வைத்தியசாலையை அதே ஒல்லாந்தக் கம்பெனியார் திறந்தது 1708ஆம் ஆண்டு என்பதை இங்கே நினைத்துப் பாருங்கள். நாம் நாள்தோறும் கடந்து செல்லும் அந்த வைத்தியசாலைக்கும் அத்தீவுக்கும் ஒரு காலத்தில் எசமானர் ஒருவரே.

ஒல்லாந்தர் போனபின் 1715இல் பிரெஞ்சுக்காரர் அதனைக் கைப்பற்றினர். 1735இல் ஆளுநராக வந்த லபோர்தொனே என்பவர் போர்ட் லூயிஸ் துறைமுகத்தைக் கட்டுவதற்குப் புதுச்சேரியிலிருந்து கொத்தர், தச்சர் முதலிய தொழிலாளரை வரவழைத்தார். அவர்களிலே தமிழர் பலர். அடிமைகளாக அன்றிக் கைத்தொழில் வல்லவர்களாகவே அவர்கள் சென்றனர். அவர்கள் குடியிருந்த பகுதிக்கு ‘மலபார் முகாம்’ என்று பெயர் வந்தது. பிற்காலத்தில் வடஇந்தியர் ஆயிரக்கணக்கில் வந்திறங்கியபோது அவர்களுக்கு ஒரு நூற்றாண்டு முந்தியே தமிழர் அங்கே இருந்தனர் என்பதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னர் இது வேண்டியிருக்கும்.

1810ஆம் ஆண்டு ஆங்கிலேயர் தீவைப் பிடித்தனர். அதன்பின் இலங்கைக்கும் அதற்கும் ஒரே முடியாட்சி. கண்டி இராச்சியத்தின் பெரும் பிரதானியாக விளங்கிய எஹெலப்பொல நிலமையை ஆங்கிலேயர் 1825இல் நாடுகடத்தியது அத்தீவுக்கே. 1829இல் அவர் அங்கேயே காலமானார். அவருடைய நினைவுச் சின்னம் பம்பிளெமூஸ் பகுதியிலே இன்றும் இருக்கிறது.

1835இல் அங்கே அடிமை முறை ஒழிந்தது. கரும்புத் தோட்டத்து முதலாளிகளுக்குக் கூலி கொடாமல் வேலை வாங்கிய காலம் போயிற்று. குறைந்த கூலிக்கு ஆள் தேடினர். இந்தியாவிலே ஆள் கிடைத்தது. 1834ஆம் ஆண்டு நவம்பர் 2ஆம் திகதி ‘அட்லஸ்’ என்னும் கப்பலில் 36 பேர் வந்திறங்கினர். அதன்பின் ஏறக்குறைய எண்பது ஆண்டுகளிலே வந்தவர் தொகை ஐந்து இலட்சத்தை நெருங்கும் என்பர். பெரும்பான்மையோர் பீகார்ப் பக்கத்தவர். சென்னைத் துறைமுகம் வழியாகத் தமிழரும் தெலுங்கரும், பம்பாய் வழியாக மராத்தியரும் சென்றனர். அவர்கள் ஏறிய கற்படிகள் போர்ட் லூயிஸ் துறைமுகத்திலே இன்னும் உள்ளன. ‘ஆப்ரவாசி காட்’ என்று பெயர்பெற்ற அவ்விடத்தை 2006ஆம் ஆண்டு யுனெஸ்கோ நிறுவனம் உலக மரபுரிமைத் தலமாக ஏற்றுக்கொண்டது.

ஒப்பந்தம் ஐந்து ஆண்டுக்கு. மாதச் சம்பளம் ஐந்து ரூபாய். அரிசியும் பருப்பும் உப்பும் அளந்து கொடுப்பார்கள். ஒரு நாள் வேலைக்கு வராவிட்டால் இரண்டு நாட் சம்பளம் வெட்டுவார்கள். எங்கே போனாலும் சீட்டு வைத்திருத்தல் வேண்டும். சீட்டில்லாதவனைப் பொலிசார் பிடிப்பர். மலைநாட்டிலே கோப்பித் தோட்டத்துக்கும் தேயிலைத் தோட்டத்துக்கும் வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இச்சபையிலேயே இருக்கிறார்கள். அவர்களுக்கு இந்தக் கதையை விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. பாரதியார் பிஜித் தீவின் கரும்புத் தோட்டத்துப் பெண்களை நினைத்து உருகிப் பாடினார். மொரீசியஸ் கரும்புக்கும் அந்தக் கண்ணீரே நீர்.

ஆனால் அவர்கள் அழுதுகொண்டு மட்டும் இருந்துவிடவில்லை. 1871ஆம் ஆண்டு அடோல்ப் டி பிளெவிட்ஸ் என்ற ஐரோப்பியர் ஒருவர் தொழிலாளரின் துன்பங்களை எல்லாம் திரட்டி ஒரு விண்ணப்பம் வரைந்தார். இராஜரத்தின முதலியார் என்ற தமிழர் அவருக்குத் துணைநின்றார். அவ்விண்ணப்பத்தில் 9,401 பேர் ஒப்பமிட்டனர். தோட்டத் துரைமார் பிளெவிட்ஸைத் தெருவிலே தாக்கவும் துணிந்தனர். ஆயினும் இலண்டனிலிருந்து விசாரணைக் குழு ஒன்று வந்தே தீர்ந்தது. 1901இல் தென்னாபிரிக்காவிலிருந்து திரும்பும் வழியிலே காந்தியடிகள் அத்தீவில் சில நாள் தங்கி, பிள்ளைகளைப் படிக்க வையுங்கள், பொது வாழ்வில் இறங்குங்கள் என்று சொல்லிப் போனார். 1907இல் மணிலால் டாக்டர் என்னும் வழக்கறிஞர் வந்து ஏழைகளுக்காக நீதிமன்றத்தில் வாதாடினார்.

1943ஆம் ஆண்டு செப்டம்பர் 27ஆம் திகதி பெல் வியூ ஆரெல் தோட்டத்திலே கூலி உயர்வு கேட்டு நின்ற தொழிலாளர் மீது பொலிசார் சுட்டனர். அஞ்சலை என்ற பெண் மாண்டாள். அவள் அப்போது கருவுற்றிருந்தாள். அவளோடு வேறு மூவரும் உயிரிழந்தனர். அந்தத் தோட்டத்தின் பெயர் உலகத்துக்குத் தெரியாது. அஞ்சலையின் பெயரோ இன்று அங்கே ஒரு பெரிய விளையாட்டரங்கின் பெயராக விளங்குகிறது. நம் தோட்டங்களிலும் கிராமங்களிலும் நூறு அஞ்சலைகளை நாம் அறிவோம். ஒரு தேசம் தன் விளையாட்டரங்குக்குச் சூட்டியிருப்பது அப்படிப்பட்ட ஒரு தொழிலாளப் பெண்ணின் பெயரை.

இதன் பின்னர் நடந்தது எங்கள் பேச்சின் நடுநாயகமான செய்தி. 1948ஆம் ஆண்டு வந்த புதிய அரசியலமைப்பிலே, தீவில் வழங்கும் மொழிகளில் ஏதேனும் ஒன்றிலே எளிய வாக்கியத்தை எழுதவும் வாசிக்கவும் தெரிந்தவருக்கு வாக்குரிமை என்று விதித்தார்கள். சொத்து வேண்டாம், ஆங்கிலம் வேண்டாம், பிரெஞ்சும் வேண்டாம். தாய்மொழி எழுத்துப் போதும். இச்செய்தி பரவியதும் கிராமந்தோறும் மாலைப் பள்ளிகள் கூடின. பகலெல்லாம் கரும்பு வெட்டிய கை இரவிலே விளக்கடியில் எழுத்துக் கூட்டிப் பழகிற்று. அதுவரை ஏறக்குறைய 12,000 பேராக இருந்த வாக்காளர் தொகை 70,000க்கு மேலாக உயர்ந்தது. எழுத்துத் தெரிந்தவன் குடிமகனாகத் தலைநிமிர்ந்தான். எழுத்து என்பது புலவர்களுக்கு மட்டும் உரியது என்று நினைப்போர் இதனை எண்ணிப் பார்க்கவேண்டும்.

அதே 1948ஆம் ஆண்டில் நம் நாட்டில் நடந்தது என்ன? பிரசாவுரிமைச் சட்டத்தினாலே மலைநாட்டுத் தமிழரில் மிகப் பெரும்பாலோர் நாடற்றவர்களாயினர். அந்த வழக்கு முழுவதும் தீர்வதற்கு 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரவேண்டியிருந்தது. அங்கேயோ 1968ஆம் ஆண்டு மார்ச் 12ஆம் திகதி சுதந்திரம் வந்தபோது கூலியாக வந்தவனின் பேரனும் அத்தேசத்தின் குடிமகனானான். சிவசாகர் ராம்கூலம் முதற் பிரதமரானார். 1992ஆம் ஆண்டு மார்ச் 12ஆம் திகதி குடியரசானபோது முதலாவது சனாதிபதியாக அமர்ந்தவரின் பெயர் வீராசாமி ரிங்காடு. ஒப்பிடுவது மனத்தாங்கலுக்காக அன்று. ஒரே ஆட்சியின்கீழ் இருந்த இரண்டு தீவுகள் ஒரே விதமான மக்களை இரண்டு விதமாக நடத்தின என்ற உண்மையை அறிந்திருப்பது நல்லது.

இனி, அங்கே வாழும் நம்மவர்களைப் பார்ப்போம். சனத்தொகையில் நூற்றுக்கு ஆறு பேர் அளவில் அவர்கள் உள்ளனர். தைப்பூசம் அங்கே அரசாங்க விடுமுறை நாள். நாட்கணக்காக விரதமிருந்து, மலராலும் தென்னங்குருத்தாலும் காவடி சோடித்து, அலகு குத்தி, பாற்குடம் சுமந்து நடக்கிறார்கள். காத்திர் போர்ன் நகருக்கு அருகே மலைச்சரிவிலே முருகன் கோயில் ஒன்று இருக்கிறது. அந்தப் படிகளில் காவடிகள் ஏறும் காட்சியைக் காண வெளிநாட்டவரும் வருகின்றனர். காவடி எடுப்போரில் ஆபிரிக்க வழிவந்தவரும் சீனரும் உண்டு. தீமிதியும் உண்டு. விரதம் முடிந்தபின் வாழையிலையில் ‘ஏழு கறி’ பரிமாறுகிறார்கள்.

சமையலறையிலும் தமிழ் ஒளிந்திருக்கிறது. தீவின் பொதுமொழி கிரியோல்; பிரெஞ்சு அடிமரத்திலே பல நாட்டுக் கிளைகள் ஒட்டி வளர்ந்த மொழி. அதிலே கொத்தமல்லி ‘கொதோமிலி’ ஆகிவிட்டது; கறிவேப்பிலை ‘கரிபுலே’; பீர்க்கங்காய் ‘பிபங்காய்’; ரசம் ‘ரசோன்’. கோயில் ‘கோவில்’ என்றே வழங்குகிறது. நமக்கு இது சிரிப்பாக இருக்கலாம். கொத்தமல்லியை நாம் நம் சிங்கள அயலவரோடு பகிர்ந்துகொள்வதும் இவ்விதமே. கடையிலும் அடுப்படியிலும் பழகும் சொற்களுக்கு எல்லைக் காவல் கிடையாது.

இவ்வளவையும் கேட்டபின், “ஆகா, நம்மவர்கள் எல்லாவற்றையும் காத்துவிட்டார்கள்!” என்று நீங்கள் மகிழலாம். இனிச் சொல்லப்போவதையும் பொறுமையோடு கேட்கவேண்டும்.

அத்தீவின் குடிசன மதிப்பிலே மதத்தைப் பற்றி ஒரு கேள்வி உண்டு. இந்து, கிறிஸ்தவம், இஸ்லாம் என்று வரும் மறுமொழிகளுக்கிடையே ‘தமிழ்’ என்பதும் ஒரு மதப் பெயராக வருகிறது! “உமது மதம் யாது?” என்றால் “தமிழ்” என்று ஆயிரக்கணக்கானோர் எழுதுகிறார்கள். ‘இந்து’ என்ற சொல் அங்கே பெரும்பாலும் இந்தி, போஜ்புரி பேசிய வடஇந்திய வழியினரைக் குறிக்கும் சொல்லாகிவிட்டது. தங்கள் கோயிலும் விரதமும் வேறு என்று காட்ட, நம்மவர்கள் தங்கள் மொழியின் பெயரையே மதத்துக்கு இட்டுக்கொண்டார்கள். அரசியலமைப்போ அவர்களைத் தனியே எண்ணுவதில்லை. பாராளுமன்றத்திலே தேர்தலில் வென்ற 62 பேருக்கு மேலாக, சிறுபான்மையோர் விடுபடாதிருக்க எட்டு ஆசனம் வரை நிரப்பும் ஏற்பாடு ஒன்று உண்டு. அதற்காக மக்களை இந்து, முஸ்லிம், சீனர், பொதுமக்கள் என்று நான்காகப் பிரித்திருக்கிறார்கள். தமிழர் அங்கே ‘இந்து’ என்ற பிரிவுக்குள் அடங்குவர். மதிப்புத் தாளில் வேறு. தேர்தல் கணக்கில் ஒன்று. இந்தப் பிரிவினையே வேண்டாம் என்று வழக்காடியவர்களும் அங்கே உண்டு.

சரி, அதே மதிப்பில் மற்றொரு கேள்வி: “வீட்டிலே பேசும் மொழி எது?” நூற்றுக்கு 80க்கு மேற்பட்டோரின் மறுமொழி கிரியோல். தமிழ் என்று சொன்னவர்கள் நூற்றுக்கு ஒருவர் கூட இல்லை. ‘தமிழ்’ என்று மதத்தை எழுதிய கையே மொழியை எழுதும் இடத்தில் ‘கிரியோல்’ என்று எழுதுகிறது. தேவாரத்தை ஐரோப்பிய எழுத்திலே எழுதி வைத்துப் பாடுவோர் பலர். எங்கள் வீட்டுச் சிறுவனின் தாளை இப்போது நினைத்துப் பாருங்கள்.

இது எவ்வாறு நேர்ந்தது? எவரும் தமிழைத் தடைசெய்து சட்டம் இயற்றவில்லை. ஒரே தோட்டத்திலே தமிழன், தெலுங்கன், பீகாரி, ஆபிரிக்கன் என்று பலர் சேர்ந்து வேலை செய்தார்கள், வயலிலே பொதுமொழி வேண்டியிருந்தது, கிரியோல் கைகொடுத்தது. பள்ளிக்கூடத்திலே ஆங்கிலமும் பிரெஞ்சும் உத்தியோகம் தந்தன. முன்னரே நகரத்தில் குடியேறிய தமிழரிலே பலர் பிரெஞ்சுப் பழக்கத்தில் ஊறினர். புதிய கப்பல்கள் நின்றன. பாட்டி தமிழில் கேட்டாள், தாய் கிரியோலில் மறுமொழி சொன்னாள், பிள்ளைக்குக் கேள்வியும் விளங்கவில்லை. மூன்று தலைமுறை, அவ்வளவே. கோயில் மணி ஒரு நாளும் நிற்கவில்லை. மொழி மட்டும் நின்றுவிட்டது.

தோழர்களே, உங்கள் சட்டைப்பையில் இருக்கும் ஒரு ரூபாய் நோட்டை எடுத்துப் பாருங்கள். அதிலே சிங்களமும் தமிழும் ஆங்கிலமும் இருக்கின்றன. மொரீசியஸ் நோட்டிலும் தமிழ் இருக்கிறது. நெடுங்காலமாக அங்கே ஆங்கிலத்துக்கு அடுத்தது தமிழ். அதற்குப் பின்னரே இந்தி. தமிழர் முந்தி வந்தவர்கள் என்பதற்கு அது ஓர் அடையாளம். 1998ஆம் ஆண்டு வெளிவந்த புதிய நோட்டுகளில் இந்தியை முன்னும் தமிழைப் பின்னும் அச்சிட்டுவிட்டார்கள். தமிழர் கொதித்தெழுந்தனர்; வீதியில் இறங்கினர். அரசாங்கம் பணிந்தது. அந்த நோட்டுகளை மீட்டுக்கொண்டு, 1999இல் பழைய வரிசைப்படியே மறுபடி அச்சிட்டனர்.

இதைப் படித்தபோது முதலில் எங்களுக்குப் பெருமையாக இருந்தது. பிறகு ஒரு நினைவு வந்தது. வீதியில் நின்ற அவர்களிலே எத்தனை பேருக்கு அந்த எழுத்தை வாசிக்கத் தெரிந்திருக்கும்? அவர்களை நாங்கள் நகைக்கவில்லை, நகைப்பது பாவம். வாசிக்கத் தெரியாவிட்டாலும் அது பாட்டன் வைத்துப் போன கையெழுத்து என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. பாட்டன் வீட்டை இழந்தவன் அதன் திறவுகோலை விடாமல் வைத்திருப்பது போன்றது அது. ஆயினும் திறவுகோல் இருக்கும்போது வீடும் இருந்தால் எவ்வளவு நன்று! 1948இல் எழுத்தைப் படித்து வாக்குரிமை வாங்கிய ஒரு தீவிலே, ஐம்பது ஆண்டுக்குப் பின் எழுத்தை வாசியாமலே எழுத்துக்காகப் போராடும் நிலை வந்தது.

அவர்கள் சோர்ந்துவிடவுமில்லை. 1970களில் உருப்பெற்ற மகாத்மா காந்தி நிலையத்திலே தமிழ் கற்பிக்கப்படுகிறது. அரசாங்க ஆரம்பப் பள்ளிகளில் விரும்பிய பிள்ளைகள் தமிழ் படிக்கலாம். நம் யாழ்ப்பாணத்துத் தனிநாயகம் அடிகளார், ஒரு கத்தோலிக்கத் துறவி, 1964இல் உலகத் தமிழாராய்ச்சி மன்றம் அமைய முன்னின்றவர். அம்மன்றத்தின் ஏழாவது மாநாடு 1989இல் மொரீசியஸிலே கூடியது. இழந்ததை மீட்கப் பாடுபடுகிறார்கள். பள்ளியில் வாரத்துக்குச் சில மணி நேரம் படித்து, வீட்டில் ஒரு சொல்லும் பேசாத மொழியை மீட்பது எவ்வளவு கடினம் என்பதற்கும் அவர்களே சாட்சி.

இனி நம் கரைக்குத் திரும்புவோம். வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் இருப்பவர்களுக்கு இந்தக் கவலை அவ்வளவாகத் தோன்றாது. அங்கே கடையில் தமிழ், பேருந்து நிலையத்தில் தமிழ், மாடிப்படியில் தமிழ். ஹெந்தளையில் நாம் சிதறி இருக்கிறோம். நம் வடக்கே நீர்கொழும்பு தொட்டுச் சிலாபம் வரை உள்ள கரையோர ஊர்களைப் பாருங்கள். தமிழ் பேசிய குடும்பங்கள் எத்தனையோ சில தலைமுறைகளுக்குள் சிங்களம் பேசும் குடும்பங்களாகிவிட்டன. அவர்களுடைய தேவாலயம் அங்கேயே இருக்கிறது, செபம் நிற்கவில்லை, மொழி மாறிவிட்டது. அது அவர்கள் குற்றமென்று நாங்கள் சொல்லவில்லை. ஆனால் அதே கரையில் இன்னும் வடக்கே உடப்பு என்ற ஊர் இருக்கிறது. திரௌபதை அம்மன் கோயில் தீமிதிக்குப் பெயர்போன ஊர். அங்கே தமிழ் வாழ்கிறது. தீமிதியினால் மட்டுமா? தீமிதி மொரீசியஸிலும் உண்டே! உடப்பிலே கரைவலை இழுக்கும்போது அம்பா பாடுகிறார்கள். மீன் விலை பேசுவதும், பிள்ளையை அதட்டுவதும், சண்டை போடுவதும் தமிழிலே. கோயில் மொழிக்கு மகுடம் சூட்டலாம். சோறு ஊட்டுவது வீடும் தொழிலுமே.

பெரியோர்களில் சிலர் சொல்வார்கள்: “ஆண்டவனுக்கு எந்த எழுத்தாயிருந்தால் என்ன? பக்தி இருந்தால் போதும்.” அந்த வார்த்தையை நாங்கள் மறுக்கவில்லை. மொரீசியஸ் மக்களின் பக்தி நம்முடையதிலும் குறைந்ததன்று. ஆண்டவன் கேட்பான் என்பதில் ஐயமில்லை. பாடுகிறவன் தான் என்ன பாடுகிறான் என்று அறியவேண்டாமா? எழுதிக் கொடுத்த ஒரு பதிகத்தோடு அவன் நின்றுவிடுவான். அடுத்த பதிகத்தைத் தானே திறந்து படிக்கமாட்டான். பாட்டனார் எழுதிய கடிதம் பெட்டியில் இருந்தால் அதைப் பிறரிடம் கொடுத்தே வாசிப்பிக்கவேண்டும். நாளை இந்த ஆண்டு மலரே அவனுக்குப் படங்கள் மட்டுமுள்ள புத்தகமாகிவிடும்.

சிங்களம் படிக்கவேண்டாம் என்று எவரும் எண்ணிவிட வேண்டாம். நம் அயலவரின் மொழி அது, நாங்களும் படித்தோம், அதனால் நல்ல நண்பர்களைப் பெற்றோம். ஆங்கிலமும் வேண்டும். ஒன்றைக் கற்பதற்கு மற்றொன்றைக் கொடுத்துவிட வேண்டியதில்லை என்பதே எங்கள் விண்ணப்பம்.

குற்றத்தைப் பெரியோர் மீது சுமத்தி நாங்கள் தப்பிக்கொள்ளப் பார்க்கவில்லை. இளைஞர்களாகிய நாங்கள் கைத்தொலைபேசியில் ஒருவருக்கொருவர் தமிழிலேதான் செய்தி அனுப்புகிறோம். எழுத்து மட்டும் ஆங்கில எழுத்து. மொரீசியஸில் மூன்று தலைமுறையில் நடந்ததை நாங்கள் ஒரு விரலினால் செய்துகொண்டிருக்கிறோம்.

ஆகையால் சங்கத்தின் முன்னே மூன்று வேண்டுகோள்களை வைக்கிறோம். முதலாவது, சனிக்கிழமை மாலையிலே எழுத்து வகுப்பு ஒன்று. கரும்பு வெட்டியவர்கள் விளக்கடியில் கற்றார்கள் என்றால், மின்விளக்கும் மண்டபமும் உள்ள நாம் ஏன் கற்கக்கூடாது? கற்பிக்க இளைஞர்கள் ஆயத்தமாக இருக்கிறோம். பிள்ளைகளை அனுப்புவது பெற்றோர் கடமை. இரண்டாவது, அவ்வகுப்பு தேவாரத்தோடு நின்றுவிடலாகாது. விளையாட்டும் நாடகமும் கதையும் வழக்குப் பேச்சும் அங்கே தமிழில் நடக்கட்டும். மூன்றாவது, பெரியோர்களிடம் ஒரு வரம் கேட்கிறோம்: பிள்ளைகள் சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ மறுமொழி சொன்னாலும், நீங்கள் தமிழிலேயே பேசுங்கள். பிழையாகத் தமிழ் பேசினால் சிரிக்காதீர்கள். ஒரு முறை சிரித்தால் ஒரு வருடம் வாய் திறக்கமாட்டார்கள். அந்தக் கூச்சத்தை எங்களில் பலர் அனுபவித்திருக்கிறோம்.

எங்கள் வீட்டுச் சிறுவனைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லி முடிக்கிறோம். நவராத்திரி கழிந்தபின் அவனோடு உட்கார்ந்து எழுத்துத் தொடங்கினோம். ‘அ’ எழுதுவதற்கே மூன்று நாள் சென்றது. ‘ழ’ இன்னும் வரவில்லை. தன் பெயரை எழுதத் தெரிந்துவிட்டது. சென்ற வாரம் கடைத்தெருவிலே பெயர்ப்பலகை ஒன்றின் முன் நின்று, ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டி உரக்க வாசித்தான். அது ஒரு மருந்துக்கடைப் பலகை. தேவாரத்தைக் கேட்டபோது கிடைக்காத நிம்மதி அப்போது எங்களுக்குக் கிடைத்தது. அடுத்த நவராத்திரிக்கு அவன் கையில் இருக்கும் தாளைச் சபையோர் அருகே வந்து பார்க்கவேண்டும் என்று இப்போதே அழைக்கிறோம்.